மூன்றாவது துணுக்கு

போன மாதம் என்னோடு வேலை பார்த்த தேவகி போன் செய்தாள். நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த லேபில் இப்போது எல்லா பாட்டிலிலும் பார்கோடு ஒட்டுகிறார்களாம். "இனிமே ஒருத்தருது இன்னொருத்தருக்கு மாறவே மாறாதுக்கா" என்றாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள், பார்கோடு இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். "அந்த ஆடிக் கிருத்திகை கேஸை நீயே எழுதுக்கா. நான் சொன்னா கோர்வையா வராது" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேஸை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தேவகிக்கே பாதிதான் தெரியும்.

என் அப்பா அரக்கோணம் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சர்ச்சில் மணியடித்து, பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாக இருந்தவர். வேலூரில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படித்து முடித்ததும், சபை மூலமாகத் திருத்தணிக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதல் ஐந்து வருடம் ரத்தம், சிறுநீர், சளி. அதன்பிறகு அவற்றோடு சதைப் பரிசோதனையையும் என்னிடம் கொடுத்தார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது டாக்டர் கமலவேணிதான்.

அவர் எங்கள் நோய்க்குறியியல் மருத்துவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார், வாசல் பெருக்கும் அம்மாவையும். ஸ்லைடு பார்க்கும்போது நோயாளியின் விண்ணப்பத் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஆணா பெண்ணா, என்ன வயது, அறுவை டாக்டர் என்ன சந்தேகப்படுகிறார் என்று எதுவும் தெரியாமல் முதலில் செல்களைப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் தாளைத் திருப்புவார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அளவு எழுதுங்க, எண்ணிக்கை எழுதுங்க, நிறம் எழுதுங்க. அபிப்பிராயம் எழுதாதீங்க."

சதைப் பரிசோதனை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவை அரங்கிலிருந்து சதைத் துணுக்கு ஃபார்மலின் பாட்டிலில் வரும். பெரியவற்றை டாக்டர் பார்ப்பார். சின்னவை என் வேலை. அளந்து, எண்ணி, பதிவேட்டில் எழுதி, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள சல்லடை மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுவேன். அதைக் கேசட் என்போம். அதன் நெற்றியில் நோயாளியின் எண்ணைப் பென்சிலால் எழுதவேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து போகும். கேசட்டுகள் மெஷினில் ராத்திரி முழுக்க ஊறும். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து, உருகிய மெழுகை அச்சில் ஊற்றி, துணுக்கைச் சூடான இடுக்கியால் அதில் நிறுத்தி உறையவைப்போம். உறைந்த கட்டியை மைக்ரோடோம் கத்தியில் சீவினால், வெங்காயத் தோலைவிட மெல்லிசான இழை நாடாவாக வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றினால் ஸ்லைடு.

இதில் எந்தப் படியில் கவனம் பிசகினாலும் ஒருவருடைய சதை இன்னொருவருடைய பெயரில் போய்விடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு கேசட்டைத்தான் திறக்கவேண்டும். இது பாலபாடம்.

அந்த வருட ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அரங்கிலிருந்து இரண்டு பாட்டில்கள் வந்தன. ஒன்று மல்லீஸ்வரி என்ற ஐம்பத்திரண்டு வயது அம்மாவுடையது. அம்மையார்குப்பத்தில் நெசவு. எட்டு மாதமாகச் சிறுநீரில் எரிச்சலும் ரத்தமும் இருந்து, இன்ஃபெக்‌ஷன் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அறுவை டாக்டர் ஜெயசீலன் கைவைத்துச் சோதித்துப் பார்த்தார். சிறுநீர்த் துவாரத்துக்குச் சற்று உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட, அதிலிருந்து துணுக்கு எடுத்து அனுப்பினார். இன்னொன்று மணவூரைச் சேர்ந்த துரைசாமி என்பவருடையது. ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீர் அடைப்புக்காகப் புராஸ்டேட் சுரப்பியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அது தேங்காய்த் துருவல் மாதிரி பாட்டில் நிறைய இருந்தது. நான்கு கேசட் பிடித்தது.

மறுநாள் கிருத்திகை. காவடிக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். லேபில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. மெழுகு வேலையில் நான் தனியாக இருந்தேன். துரைசாமியின் மூன்று கேசட்டை முடித்துவிட்டேன். நேரத்தை மிச்சம் பிடிக்கலாமென்று நான்காவதையும் மல்லீஸ்வரியின் கேசட்டையும் ஒன்றாகத் திறந்து சூட்டுத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த நிமிடம் அவசரப் பிரிவிலிருந்து போன். கனகம்மாசத்திரத்துக்கு அருகில் பக்தர்கள் வந்த வேன் கவிழ்ந்துவிட்டது, உடனே ரத்தம் பொருத்திப் பார்க்கவேண்டும் என்றார்கள். இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு கேசட்டும் திறந்தபடியே இருந்தன. மல்லீஸ்வரியுடையதில் மூன்று துணுக்குகள் இருந்தன. மூன்றையும் மெழுகில் நிறுத்தினேன். பிறகு நான்காவது கேசட்டை முடித்தேன்.

ஸ்லைடுகள் தயாரானதும் டாக்டர் வழக்கம்போலத் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துரைசாமியுடையது புற்றில்லை. அன்றே எழுதிக் கொடுத்தார். துரைசாமியும் வீட்டுக்குப் போய்விட்டார். மல்லீஸ்வரியின் ஸ்லைடில் டாக்டர் நீண்ட நேரம் இருந்தார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"எஸ்தர், இதை வந்து பாருங்க."

பார்த்தேன். இரண்டு துணுக்குகளில் சாதாரணத் தோல் படலமும் கொஞ்சம் வீக்கமும்தான். மூன்றாவதில் வட்ட வட்டமாகச் சுரப்பிகள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சுவர் கலைந்து, செல்களின் உட்கருக்கள் பெரிதாக. புற்று என்று எனக்கே தெரிந்தது.

"சிறுநீர்த் தாரையில இந்த மாதிரி சுரப்பிப் புத்து ரொம்ப அரிது. வேற எங்கேருந்தாவது பரவியிருக்கலாம். எங்கேருந்துன்னு தெரியணும்" என்றார். மெழுகுக் கட்டியைச் சென்னைக்கு விசேஷச் சாயங்களுக்கு அனுப்பினோம். அந்தச் சாயங்கள் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் செல்லில் மட்டும் ஒட்டும். எது ஒட்டுகிறதோ அதுதான் பிறந்த இடம்.

ஒன்பது நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. குடல் சாயம் ஒட்டவில்லை. கருப்பைச் சாயம் ஒட்டவில்லை. ஒட்டியது புராஸ்டேட் சாயம்.

புராஸ்டேட் ஆண்களுக்கு உள்ள சுரப்பி. மல்லீஸ்வரி மூன்று பிள்ளை பெற்றவர்.

டாக்டர் ஜெயசீலன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "மேடம், நான் அந்தம்மாகிட்ட எடுத்தது ரெண்டு துணுக்கு. தாள்ல எழுதியிருக்கேன். உங்க ஸ்லைடுல மூணு இருக்கு. புத்து இருக்கிறது மூணாவதுல. அதுவும் புராஸ்டேட்டு. அன்னைக்கு உங்க லேப்ல புராஸ்டேட் யாருது இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் முடிக்காதது டாக்டர் கமலவேணிக்கும் எனக்கும் புரிந்தது. மூன்றாவது துணுக்கு துரைசாமியுடையது என்றால், புற்று இல்லை என்று அனுப்பிவைத்த மனிதருக்குப் புற்று இருக்கிறது. புற்றே இல்லாத பெண்ணை அடுத்த வாரம் பெரிய அறுவைக்கு அனுப்பப் போகிறோம்.

அவர் போன பிறகு டாக்டர் கமலவேணி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மல்லீஸ்வரியின் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் 'சிறு துணுக்குகள்' என்று இருந்தது. எண்ணிக்கை இல்லை. அவசரத்தில் எழுதவில்லை.

"எத்தனை இருந்துச்சு எஸ்தர்?"

"மெழுகுல நிறுத்தும்போது மூணு மேடம்."

"பாட்டில்லேருந்து எடுக்கும்போது?"

மூன்று என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. துணுக்கு பாட்டிலில் உடைவது சாதாரணமாக நடப்பதுதான். வாய் வரைக்கும் வந்தது.

"ஞாபகம் இல்ல மேடம். அன்னைக்கு ரெண்டு கேசட்டையும் ஒண்ணாத் திறந்து வச்சேன். நடுவுல அவசரப் பிரிவுக்குப் போயிட்டேன். வந்து பாக்கும்போது மூணு இருந்துச்சு. ஓடறப்ப தட்டு இடிபட்டுச்சா, இடுக்கியில ஒட்டிகிட்டு வந்துச்சா, எனக்குத் தெரியாது. மாத்தலன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

டாக்டர் பேனா மூடியை மெதுவாகத் திருகி மூடினார். அதுதான் அவருடைய கோபம். "நாளைக்கு ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சுரப்பி ரத்தத்தில் ஒரு பொருளைக் கசியவிடும். அதை அளக்க ஆண்களுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. மல்லீஸ்வரியின் ரத்தத்தில் அது அனேகமாகப் பூஜ்யமாக இருக்கவேண்டும். பூஜ்யமாக இருந்தால் தவறு என்னுடையது.

துரைசாமிக்கு நான்தான் போன் செய்தேன். சும்மா ஒரு ரத்தப் பரிசோதனை விட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன். மறுநாள் காலையில் அரக்கோணத்தில் வண்டி மாறி, மனைவியோடு வந்து சேர்ந்தார். தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இப்ப சௌரியமாப் போவுதுமா. ஒரு தரம் எழுந்தா போதும்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்குத் தேவகி ரத்தம் எடுத்தாள்.

மல்லீஸ்வரிக்கு எடுக்க நான் வார்டுக்குப் போனேன். டாக்டரும் கூட வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மல்லீஸ்வரி ஒல்லியான உருவம். வலது கை மட்டும் தறி வேலையில் திரண்டிருந்தது.

"இன்னா சிஸ்டர், மறுபடியும் ரத்தமா?"

"ஆமாங்க. இன்னும் ஒண்ணு பாக்கணும்."

"புத்துதான்னு அந்த டாக்டரு சொல்லிட்டாரு. எங்க பாவா கீழ நின்னு அழுதுகினு இருக்கறாரு." பாவா என்றது கணவரை, மாமன் மகனையே கட்டியிருந்தார். "இப்ப இல்லன்னு சொல்றாங்களா? நர்ஸம்மாங்க பேசிகினு இருந்தாங்க. வேற யாருதோ கலந்துட்ச்சாமே?"

ஊசி நரம்பில் இருந்தது. என்ன சொல்வது என்று டாக்டரைப் பார்த்தேன்.

"அதைத்தாம்மா பாக்கறோம். இன்னைக்கே சொல்றேன்" என்றார் டாக்டர்.

"கலந்திருந்தா நல்லதுங்க" என்றார் மல்லீஸ்வரி.

அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் தவறு செய்திருந்தால் இந்த அம்மா இன்றே எழுந்து வீட்டுக்குப் போவார். செய்திருக்கவேண்டும் என்று ஒரு நிமிடம் மனதார வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிடமே முருங்கைக்காய்க் கட்டு நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கம் ஜெபித்தாலும் ஒருவருக்குப் புற்று.

இரண்டு குழாய்களையும் டாக்டர் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார். பெயர் எழுதிய லேபிளைக் கிழித்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண் எழுதினார். எது யாருடையது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். என்னை மெஷின் பக்கம் போகவேண்டாம் என்றார். தேவகி மெஷினை ஓட்டினாள். பெண்ணின் பெயருக்கு அந்தப் பரிசோதனையைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. எண் மட்டும் இருந்ததால் ஏற்றுக்கொண்டது. முடிவு வர நாற்பது நிமிடம். நான் ஸ்லைடு கழுவும் தொட்டியருகே நின்று, ஏற்கெனவே கழுவிய கண்ணாடிகளை மறுபடியும் கழுவினேன். டாக்டர் மேஜையில் பழைய மருத்துவ இதழ் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தில் இருந்தார்.

தேவகி தாளோடு வந்து கதவருகே நின்றாள். "மேடம், ஒண்ணுல லேசா இருக்குது. ரெண்டுல ரொம்ப அதிகம்."

டாக்டர் நிமிர்ந்தார். "பூஜ்யம் எதுவும் இல்லையா?"

"இல்ல மேடம். ரெண்டுலயும் இருக்குது."

ரெண்டிலும் இருக்கிறதென்றால் அந்த அம்மாவின் ரத்தத்திலும் இருக்கிறது. அது எனக்கு உறைக்க சில நொடிகள் ஆயின.

"ஒண்ணு துரைசாமி. சுரண்டின பிறகு அவ்வளவு இருக்கும்" என்றார் டாக்டர். "ரெண்டு அந்தம்மா. நீங்க மாத்தல எஸ்தர். அது அவங்க துணுக்குதான், பாட்டில்ல உடைஞ்சிருக்கும்."

எனக்கு நிம்மதி வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை.

அன்றைக்கு டாக்டர் எங்களுக்குப் படம் போட்டு விளக்கினார். தாயின் வயிற்றில் ஆணும் பெண்ணும் ஒரே வரைபடத்தில்தான் ஆரம்பிக்கிறோம். ஆணில் புராஸ்டேட்டாகப் பெரிதாக வளர்வது, பெண்ணில் சிறுநீர்த் தாரையின் இரு பக்கமும் கடுகு போன்ற சிறு சுரப்பிகளாக நின்றுவிடுகிறது. அதற்கு யாரோ ஒரு மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அது இருப்பதே பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது. அதில் புற்று வருவது மிக மிக அபூர்வம். வந்தால் அது புராஸ்டேட்டின் குணத்தோடுதான் வரும். அதே சாயம் ஒட்டும், ரத்தத்தில் அதே பொருள் ஏறும். "சாயம் பொய் சொல்லல. நமக்குத்தான் அந்தச் சுரப்பி ஞாபகத்துல இல்ல" என்றார்.

ஆனாலும் அவர் அத்துடன் விடவில்லை. இன்னொரு துணுக்கு எடுத்து அனுப்பும்படி டாக்டர் ஜெயசீலனிடம் கேட்டார். அவரும் மறுக்காமல் எடுத்தார். பாட்டில் வந்ததும் என் பக்கம் நகர்த்தி, "நீங்களே பண்ணுங்க" என்றார். மேஜையில் வேறெதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு துணுக்கு என்று எழுதினேன், அளவு எழுதினேன், வெளுத்த மஞ்சள் நிறம் என்று எழுதினேன். சீவிய ஸ்லைடில் மேலே தோல் படலமும், அதைத் தொட்டுக்கொண்டே கீழே அந்தச் சுரப்பிகளும், ஒரே சதையில் பிரிக்க முடியாதபடி இருந்தன. டாக்டர் ஜெயசீலனும் வந்து குனிந்து பார்த்தார். "உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணவரையும் மனைவியையும் உட்காரவைத்து டாக்டர் கமலவேணிதான் சொன்னார். அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி, "ஆம்பளைங்களுக்கு வர்றது இவளுக்கு எப்படிங்க? ஊர்ல இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார்.

மல்லீஸ்வரி அவர் பக்கம் திரும்பினார். "ஊருக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்? ஒடம்பு எனுது. மேலே ஆவறதக் கேளு பாவா."

துரைசாமிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினோம். எதற்காகக் கூப்பிட்டோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மல்லீஸ்வரியை அறுவைக்காகச் சென்னைக்கு அனுப்பும் கடிதத்தோடு பழைய பரிசோதனைகளையும் இணைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சிறுநீர்ப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். எட்டு மாதத்தில் ஐந்து முறை மல்லீஸ்வரியின் பெயர் இருந்தது. ஐந்து முறையும் 'சிவப்பணுக்கள்: நிறைய' என்று எழுதியிருந்தது. ஐந்தும் என் கையெழுத்து. கிருமி வளர்ந்ததா என்று பார்த்த இரண்டு முறையும் கிருமி இல்லை. அதையும் நானே எழுதியிருந்தேன். கிருமி இல்லாமல் ரத்தம் மட்டும் ஏன் வருகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நானோ என் தவறை மெழுகிலும் இடுக்கியிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டை டாக்டரிடம் காட்டினேன். ஐந்து பக்கத்தையும் பார்த்தார். "மாத்திரை எழுதினவங்களும் இதைப் பார்த்திருக்கணும்" என்றார். பிறகு, "நாமளும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார். மறுவாரத்திலிருந்து, கிருமி இல்லாமல் ரத்தம் என்று ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் எழுதியதோடு நிறுத்தாமல் அனுப்பிய டாக்டருக்குப் போன் செய்வது எங்கள் லேபில் வழக்கமாயிற்று. அதற்குப் பார்கோடு தேவைப்படவில்லை.

சென்னையில் மல்லீஸ்வரிக்கு அறுவை நடந்தது. கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடித்திருந்தால் அதை மட்டும் எடுத்திருப்பார்களாம். இப்போது சிறுநீர்த் தாரையையும் சிறுநீர்ப்பையையும் எடுக்கவேண்டியதாயிற்று. வயிற்றின் பக்கத்தில் ஒட்டிய பையில்தான் இன்றுவரை சிறுநீர். அதன்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். ரத்தத்தில் அந்த அளவு மளமளவென்று இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து பார்த்துக்கொள்வார். ஒரு வருடம் கழித்துத் தறியிலும் உட்கார்ந்தார். வருடங்கள் ஓடிவிட்டன, இருக்கிறார்.

இரண்டாவது வருடம் ஒரு நாள் ரத்தம் எடுக்க வந்தபோது லேபில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"அஞ்சு தரம் உங்க சிறுநீர்ல ரத்தம்னு என் கையாலதான் எழுதியிருக்கேன். ஒரு தரம்கூட யாரையும் கூப்பிட்டுச் சொல்லல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதிட்டு இன்னா பண்ணீங்க?"

"அடுத்த பாட்டிலை எடுத்தேன்."

"ஆங்" என்றார். புடவைக்கு மேலாக அந்தப் பையைச் சரிசெய்துகொண்டார். "நானும் அப்டித்தான். நூலு அறுந்தா முடிச்சுப் போட்டுகினு அடுத்ததப் பாத்துகினு இருந்தேன். ஒடம்பப் பாக்கல."

நான் ஊசியைப் பிரித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சிஸ்டர் நீங்க."

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு, வளையலை மேலே தள்ளிக்கொண்டு, ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.